ஒன்பது எம்.பி. கட்டுச்சோறு



போன வாரம் நம் குடும்பக் குழுவில் மச்சினர் மகள் ஒரு கேள்வி போட்டிருந்தாள். "மாமா, ரிட்டையர் ஆன பிறகு சாஃப்ட்வேர் எல்லாம் செய்றீங்களாமே, நிஜமா?" என்று. நிஜம்தான் தாயி. ஒன்றே ஒன்று செய்தேன். அந்த ஒன்றால் ஒரு பெரிய மனுஷருடைய நாற்பது வருஷ உழைப்பை அழிக்கப் பார்த்தேன். அரைகுறையாக நாலு பேர் நாலு விதமாகச் சொல்வதற்கு முன்னால் நானே முழுசாக எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். நாற்பது நிமிஷ பீரியடில் என்னைச் சகித்தவர்கள் இதையும் சகித்துக்கொள்வீர்கள்.

2014ல் நான் ஓய்வு பெற்றேன். 2020ல் ஊரடங்கு வந்தது. அந்த வருஷம் பேத்தி பிளஸ் டூ. அவளுடைய கணினி அறிவியல் புத்தகம் சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. எடுத்துப் புரட்டினேன், உள்ளே பைத்தான் பாடம். இதற்கு முன் எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத்தில் டாஸ் மிஷினில் போட்டுப் பார்த்த க்யூபேசிக் மட்டும்தான். பகா எண்களை வரிசையாக அச்சிட வைத்து உங்களுக்குக் காட்டுவேனே, அது. பைத்தான் அதைவிட எளிதாக இருந்தது. பேத்தி அதைத் தேர்வுக்குப் படித்தாள், நான் பொழுதுபோக்குக்குப் படித்தேன். மகன் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் உபுண்டு இருந்தது. அதில்தான் என் பயிற்சி எல்லாம்.

இப்போது தமிழய்யா விஷயத்துக்கு வருகிறேன். நம் பள்ளியில் படித்தவர்களுக்குத் தமிழய்யா என்றால் ஒருவர்தான். பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார், அதனால் போடவில்லை. என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். என்னை "தம்பி" என்பார், நான் "அய்யா" என்பேன். கி.ரா. தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைப் படித்த நாளில் இருந்து இவருக்கும் ஒரு வெறி. சனி ஞாயிறு வந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுற்றுப்பட்டிக் கிராமங்களுக்குப் போய்விடுவார். உழவுச் சொல், மாட்டுக்குச் சொல்லும் சொல், கிணற்றுச் சொல், சமையல் சொல் என்று எழுதி எழுதி நோட்டு நோட்டாகச் சேர்த்தார். பம்புசெட் வந்த பிறகு கமலை போய்விட்டது. கூனை, வடம், வால்கயிறு என்றால் இன்றைக்குப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அதையெல்லாம் சொன்ன கிழவர்களும் போய்விட்டார்கள். அய்யாவின் நோட்டில் மட்டும் இருந்தது.

2003ல் ஒரு டிடிபி சென்டரில் கொடுத்து எல்லாவற்றையும் தட்டச்சு செய்துவிட்டார். சேமநல நிதியில் கடன் வாங்கி. புத்தகமாகப் போட நினைத்தார், நடக்கவில்லை. சென்டர்காரர் கடையை மூடும்போது பதினெட்டு டெக்ஸ்ட் ஃபைல்களாக ஃபிளாப்பியில் போட்டுக் கொடுத்தார். பிறகு யாரோ அதை ஒரு பென் டிரைவுக்கு மாற்றினார்கள். ஃபிளாப்பிகள் பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போயின. ஆக, அந்த ஒரு பென் டிரைவ்.

2021ல் ஒருநாள் போன் செய்தார். "தம்பி, மக மும்பையில இருந்து அந்தச் சொல்லெல்லாம் போன்ல அனுப்புங்கப்பாங்கா. அனுப்புனா அங்க ஒரே இங்கிலீசு எழுத்தா வருதாம். எவனோ என் தமிழை இங்கிலீசா மாத்திட்டான்."

எவனும் மாற்றவில்லை. அது பாமினி எழுத்துரு. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். யூனிகோட் பரவலாவதற்கு முன்னால் தமிழ் எழுத்துக்குக் கணினியில் பொதுவான இடம் இல்லை. ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை உட்கார வைத்தார்கள். பாமினியில் 'தமிழ்' என்று வர வேண்டுமானால் ஜே, கே, பி, ஓ, கடைசியில் அரைப்புள்ளி. ஃபைலுக்குள் இருப்பது அந்த ஜேகேபிஓதான். மேலே பாமினி என்கிற கண்ணாடி போட்டுப் பார்த்தால் தமிழ், கழற்றினால் குப்பை. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு கண்ணாடி செய்தது. 1999ல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு நடந்த பிறகு அரசு டாம், டாப் என்று இரண்டு தரங்களை அறிவித்தது. 2010ல் யூனிகோடுக்கு வந்தது. அதற்குள் எத்தனையோ பேருடைய எழுத்து பாமினியிலேயே தங்கிவிட்டது.

மாற்றுவதற்கு இணையத்தில் இலவச மாற்றிகள் உண்டு. நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அய்யா வீட்டில் இணையம் கிடையாது. "நீங்க ஃபைலை என்கிட்ட கொடுங்க, நான் மாத்தித் தாறேன்" என்றேன். போனில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னார். "தம்பி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. இதை நான் வெளிய கொடுக்கதில்ல."

காரணம் எனக்குத் தெரியும். முன்பு ஒருவர் படித்துவிட்டுத் தருகிறேன் என்று இரண்டு நோட்டுகளை வாங்கிக்கொண்டு போனார். நோட்டு திரும்பவில்லை. சில வருஷம் கழித்து அய்யாவின் சொற்கள், அய்யாவின் விளக்கத்தோடே, வேறு பெயரில் அச்சாகி வந்தன. அதற்குப் பிறகு பென் டிரைவ் பீரோவைத் தாண்டியதில்லை.

"அப்போ ஃபைல் என் வீட்டுக்கு வர வேண்டாம். என் புரோகிராம் உங்க வீட்டுக்கு வரும்" என்றேன். அவசரப்பட்டுச் சொன்ன சொல். புரோகிராமை எழுதுவது ஒரு வேலை என்றால் அதை இன்னொருவர் வீட்டில் ஓட வைப்பது வேறு வேலை என்று எனக்கு அப்போது தெரியாது.

எழுதும் வேலை எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. ஒரு எழுத்துக்கு ஒரு எழுத்து என்று மாற்றினால் போதாது. பாமினியில் கொம்பு கண்ணுக்குத் தெரிகிற வரிசையில், அதாவது எழுத்துக்கு முன்னாலேயே வரும். யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால். 'கொ' என்பதற்கு என், எஃப், எச் என்று மூன்று விசை. அதில் முதல் இரண்டைப் பார்த்து 'கெ' என்று மாற்றிவிட்டு, மிச்சமுள்ள எச்சைக் காலாக ஒட்டினால் திரையில் 'கொ' மாதிரியேதான் தெரியும். ஆனால் தேடினால் கிடைக்காது, உள்ளே அது வேறு. அதனால் நீளமான சேர்க்கையை முதலில் மாற்ற வேண்டும். இன்னொரு வேடிக்கை, தனியாக வரும் எச் என்றால் கால், அதற்கு அடுத்து அரைப்புள்ளி வந்தால் அதே எச் 'ர்'. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் தட்டச்சு செய்தவர்கள் அப்படியே அடித்துவிட்டார்கள். காற்புள்ளி விசையை அழுத்தினால் 'இ' வரும். இப்படி ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டு, சுமார் இருநூறு வரியில் புரோகிராம் முடிந்தது. ஜன்னல் மாதிரி ஒரு பெட்டி, அதில் 'ஃபைலைத் தேர்ந்தெடு', 'மாற்று' என்று இரண்டு பொத்தான்கள். எஃப், கே, ஐ, ஒய் என்று கொடுத்தேன். 'கமலை' என்று வந்தது. என் வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்குத்தான் மூணு நாளா மோட்டார் போட மறந்தீகளா" என்றாள்.

அடுத்து, இதை அய்யா வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அவர் கணினியில் பைத்தான் கிடையாது. பைத்தானில் எழுதிய புரோகிராம் தானாக ஓடாது. அதைப் படித்துச் செய்ய பைத்தான் என்கிற ஆள் அங்கே இருக்க வேண்டும். அய்யாவை பைத்தானை இறக்கி, நிறுவி, கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கச் சொல்ல முடியுமா? அவருக்குத் தெரிந்தது இரட்டைக் கிளிக். அவ்வளவுதான், அது போதும். இரட்டைக் கிளிக் செய்தால் திறக்கிற எக்ஸி ஃபைலாக வேண்டும்.

அதற்கு ஒரு கருவி இருக்கிறது, பைஇன்ஸ்டாலர் என்று பெயர். அது என்ன செய்கிறது என்று விசாரித்தபோது எனக்கு நம் அம்மாக்கள் திருச்செந்தூர் யாத்திரைக்குக் கட்டுகிற கட்டுச்சோறுதான் ஞாபகம் வந்தது. புளியோதரை, துவையல், ஊறுகாய், இலை, தண்ணீர்ச் செம்பு எல்லாம் ஒரே மூட்டை. போகிற இடத்தில் உப்புக்கூடக் கேட்கக் கூடாது. பைஇன்ஸ்டாலரும் நம் புரோகிராமை, அதற்கு வேண்டிய துணை நூல்களை, பைத்தானையே சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. மேலே ஒரு சின்ன வாயில்காப்பான். கிளிக் செய்ததும் அவன் மூட்டையைத் தற்காலிக ஃபோல்டர் ஒன்றில் பிரித்து, உள்ளே இருக்கும் பைத்தானை எழுப்பி, "இந்தா, இதைச் செய்" என்று புரோகிராமை அதன் கையில் கொடுக்கிறான். பன்னிரண்டு கேபி இருந்த என் புரோகிராம் மூட்டை கட்டியபின் ஒன்பது எம்.பி. ஒரு ஆள் சாப்பாட்டுக்கு ஊர்ப்பட்ட அண்டா.

உபுண்டுவில் கட்டினேன், ஓடியது. பக்கத்து வீட்டுத் தம்பி அந்தப் பக்கம் போகிறவன், அவன் கையில் கொடுத்தனுப்பினேன். அன்று மாலை போன். "தம்பி, இதை எதை வச்சுத் திறக்கணும்னு என்னையே கேக்குதே!" உபுண்டுவில் கட்டிய மூட்டை உபுண்டுவில்தான் பிரியும். விண்டோஸுக்கு வேண்டும் என்றால் விண்டோஸில் உட்கார்ந்துதான் கட்ட வேண்டும். அதிலும் அய்யாவுடையது பழைய விண்டோஸ் 7, 32 பிட். 64 பிட் மிஷினில் 64 பிட் பைத்தானைக் கொண்டு கட்டினால் அதில் ஓடாது. பைத்தானும் 3.8 வரைதான் விண்டோஸ் 7ஐச் சேர்த்துக்கொள்ளும், 3.9 வந்தபோது கைவிட்டுவிட்டார்கள். சாப்பிடுகிறவரின் பல்லுக்கு ஏற்றமாதிரி சோறு வடிக்க வேண்டும்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான் 2004 பேட்ச் மாணவன் ஒருவன். கணக்கில் சுமார், கையில் கெட்டி. அவனிடம் ஒரு பழைய விண்டோஸ் 7 மிஷின் இருந்தது. ராத்திரி கடை அடைக்கிற நேரத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்து கட்டினோம். பின்னால் வருகிற கறுப்புத் திரையைப் பார்த்தால் அய்யா பயப்படுவார் என்று, அது தெரியாதபடி ஜன்னல் மட்டும் வருகிற மாதிரி ஒரு விருப்பம் கொடுத்தேன். கட்டி முடித்ததும் அவனுடைய வைரஸ் காவல் புரோகிராம் எக்ஸியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சிறையில் வைத்தது. இதே கருவியில் திருடர்களும் மூட்டை கட்டுகிறார்கள், அதனால் மூட்டையைப் பார்த்தாலே அதற்குச் சந்தேகம். அவன் அதைச் சமாதானப்படுத்தி மீட்டான். இரட்டைக் கிளிக். ஜன்னல் திறந்தது. தலைப்பில் அழகான தமிழ். "சார், சூப்பர்" என்றான். கை குலுக்கிக்கொண்டோம். மணி ஒன்பதரை. மூடிவிட்டுக் கிளம்பினேன்.

கவனித்தீர்களா? ஜன்னல் திறக்கிறதா என்று பார்த்தோம். ஒரு ஃபைலைக்கூட மாற்றிப் பார்க்கவில்லை. விடைக்குக் கீழே 'சரிபார்த்தல்' எழுதாத எத்தனை பேருக்கு நான் அரை மார்க் குறைத்திருக்கிறேன்! இதைப் படிக்கிறவர்களில் சிலர் இப்போது சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

மறுநாள் காலையில் அய்யா வீட்டுக்கு நானே கொண்டுபோய் அவர் கணினியில் போட்டு, எப்படித் திறப்பது என்று காட்டினேன். அவர் கையால்தான் செய்வார் என்று எனக்குத் தெரியும். எதிரே உட்கார்ந்து எட்டிப் பார்க்கவும் கூச்சம். காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் போன். "தம்பி, உங்க பொட்டி நல்லாத் திறக்கு. ஆனா மாத்துன்னு அமுக்குனா ஒண்ணும் நடக்க மாட்டேங்கு. ஒரு ஃபைல்ல வரலைன்னு இன்னொண்ணு, அதுலயும் வரலைன்னு இன்னொண்ணு, இப்படிப் பதினோரு ஃபைல் பார்த்துட்டேன்."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. "அய்யா, அந்தப் பதினொண்ணுல ஏதாவது ஒண்ணைத் திறந்து பாருங்க" என்றேன்.

சற்று நேரம் கழித்து, "எழுத்தே இல்லையே தம்பி" என்றார். அடுத்ததைத் திறந்தார். அதிலும் இல்லை. மூன்றாவதைத் திறந்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

என்ன நடந்தது என்று பிறகு புரிந்தது. மாற்றியதைப் புதுப் பெயரில் சேமித்தால் அய்யா குழம்புவார் என்று, அதே ஃபைலிலேயே எழுதும்படி நான் செய்திருந்தேன். எழுதுவதற்காக ஒரு ஃபைலைத் திறந்த அந்த நொடியே பைத்தான் பழைய பலகையைத் துடைத்துவிடும். துடைத்தபின் எழுதப் போகும்போது, தமிழை எந்த முறையில் எழுதுவது என்று நான் சொல்லியிருக்கவில்லை. உபுண்டுவில் சொல்லாவிட்டாலும் அது யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ளும். அதனால் என் வீட்டில் குறையே தெரியவில்லை. அந்த விண்டோஸில் சொல்லாவிட்டால் அது பழைய மேற்கத்திய எழுத்து அட்டவணையை எடுத்துக்கொள்கிறது. அதில் தமிழ் எழுத்துக்கே இடம் இல்லை. "இதை எழுத முடியாது" என்று பைத்தான் கத்தியது. கத்தியது எங்கே தெரியும்? கறுப்புத் திரையில். அந்தத் திரையைத்தான் நான் மறைத்துவிட்டேனே. ஜன்னல் ஒன்றும் நடக்காதது போலச் சிரித்துக்கொண்டு நின்றது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு ஃபைல், பலகை துடைத்த நிலையில், பூஜ்ஜியம் கேபி.

இதில் புரோகிராம் செய்த குற்றம் ஒன்றுமில்லை. எல்லாம் நான் சொன்னபடி.

"பென் டிரைவை உடனே கழத்திருங்கய்யா. அதுல ஒரு எழுத்துகூடப் புதுசா எழுதாதீங்க" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கழற்றினார். நான் பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் நின்றிருந்தார். கையில் பென் டிரைவ். அதை என்னிடம் நீட்டினார். பல வருஷமாக யாருக்கும் கொடுக்காதவர். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "சாப்பிட்டாச்சா தம்பி" என்று மட்டும் கேட்டார்.

சர்வீஸ் கடைப் பையன் சொன்னது எனக்குக் கொஞ்சம் உயிர் கொடுத்தது. ஃபைலைத் துடைத்தால் 'இங்கே ஒன்றும் இல்லை' என்று பதிவேட்டில்தான் குறிக்கிறார்கள். பழைய எழுத்து அதே இடத்தில், மேலே வேறு எதுவும் எழுதப்படும்வரை கிடக்கும். ஃபோட்டோரெக் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. பெயரில்தான் ஃபோட்டோ. அது பதிவேட்டை நம்பாமல் இடம் இடமாகத் தடவிப் பார்த்து, கிடைப்பதைத் தனித்தனி ஃபைலாக எடுத்துத் தரும். முதலில் பென் டிரைவை அப்படியே ஒரு நகல் எடுத்துவிட்டு, நகலில்தான் தேடினான். அந்தப் பையனுக்கு இருந்த புத்தி எனக்கு முதல் நாள் இருந்திருக்கலாம்.

பெயர்கள் போய்விட்டன. எஃப் என்று தொடங்கி வெறும் எண்களாக நூற்றுக்கும் மேல் ஃபைல்கள் வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து, ஜேகேபிஓ என்று குப்பையாகத் தெரிவதைப் பொறுக்கினோம். குப்பையைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான். பதினொன்றில் பத்து முழுதாகக் கிடைத்தன. ககர வரிசை ஃபைல்தான் எல்லாவற்றிலும் பெரியது. அது பென் டிரைவில் இரண்டு இடமாகப் பிரிந்து கிடந்திருக்கிறது. முன்பகுதி கிடைத்தது, 'கா' முடியும் வரை. 'கி'யில் இருந்து 'கௌ' வரை கிடைக்கவில்லை. இரண்டு நாள் தேடினான். காசு வாங்க மாட்டேன் என்றான்.

அய்யாவிடம் சொன்னேன். "நோட்டு இருக்கு தம்பி" என்றார். நோட்டு இருந்தது, ஆனால் பீரோவுக்கு அடியில். ககர நோட்டின் நடுவில் கரையான் ஒரு கை பார்த்திருந்தது. போனது போக மிச்சத்தை நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து யூனிகோடிலேயே தட்டச்சு செய்தேன். அவர் வாசிப்பார், நான் அடிப்பேன். பன்னிரண்டு நாள். கணக்கு வாத்தியாருக்குத் தண்டனை இம்போசிஷன். 'குறுக்கை' என்றால் என்ன, 'கொழு' எங்கே இருக்கும் என்று கேட்டுக்கொண்டே அடித்ததில் நானும் பாதி விவசாயி ஆனேன். சிதைந்த பக்கங்களில் பெரும்பாலானதை அவர் ஞாபகத்தில் இருந்து சொல்லிவிட்டார். எண்பதை நெருங்கும் வயதில் அந்த ஞாபகம்!

புரோகிராமையும் திருத்தினேன். இப்போது அது மூல ஃபைலைத் தொடவே தொடாது. பக்கத்தில் புதுப் பெயரில் தனி ஃபைல் எழுதும். எழுதும் முறை யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லியாயிற்று. ஏதாவது தப்பு நடந்தால் ஜன்னலிலேயே சிவப்பு எழுத்தில், தமிழில், என்ன தப்பு என்று வரும். கடையில் அந்தப் பழைய மிஷினில் ஏழு ஃபைல்களை மாற்றிப் பார்த்து, மூலத்தோடு ஒப்பிட்டு, அதற்குப் பிறகே கொண்டுபோனேன்.

அப்புறமும் தொல்லை விடவில்லை. ஒரே மூட்டையாகக் கட்டிய எக்ஸி ஒவ்வொரு முறையும் முதலில் பிரிய வேண்டும் அல்லவா, அய்யாவின் கிழட்டு மிஷினில் அதற்கு அரை நிமிஷம் ஆகும். அவர் "கேக்கல போல" என்று மறுபடி கிளிக் செய்வார். மறுபடியும். கடைசியில் நாலு ஜன்னல் ஒன்றாகத் திறந்து நிற்கும். சரி என்று, மூட்டையாக இல்லாமல் ஏற்கெனவே பிரித்து வைத்த ஃபோல்டராகக் கட்டிக் கொடுத்தேன். அது சட்டென்று திறக்கும். அய்யா அந்த ஃபோல்டருக்குள் போய், எக்ஸியை மட்டும் எடுத்து டெஸ்க்டாப்பில் வைத்துக்கொண்டு, மீதி எல்லாம் இடத்தை அடைக்கிறது என்று அழித்துவிட்டார். சாமியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து கோயிலை இடித்த கதை. மூன்றாம் முறை போய், ஃபோல்டரைக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டு, டெஸ்க்டாப்பில் ஒரு குறுக்குவழி ஐகான் மட்டும் வைத்தேன். அதற்குக் கூனை படம் போடச் சொன்னார். பேத்தி வரைந்து கொடுத்தாள். பார்ப்பதற்கு டம்ளர் மாதிரி இருக்கும்.

ஒருநாள் வேடிக்கையாக அந்த எக்ஸியை நோட்பேடில் திறந்து காட்டினேன். புரியாத கிறுக்கல்தான். ஆனால் முதல் இரண்டு எழுத்து மட்டும் தெளிவாக எம், இசட். உலகத்தில் எந்த விண்டோஸ் எக்ஸியை இப்படித் திறந்தாலும் முதலில் இந்த இரண்டு எழுத்துதான். டாஸ் காலத்தில் மைக்ரோசாஃப்டில் இந்த வடிவத்தை அமைத்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கி என்பவரின் தலைப்பெழுத்து அது என்று சொன்னேன். அய்யா கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். "கெட்டிக்காரன். யாரும் கிழிக்க முடியாத இடத்துல எழுதியிருக்கான்" என்றார்.

ஆடியில் ஆரம்பித்தவர் கார்த்திகைக்குள் பதினேழு ஃபைல்களையும் தானே மாற்றி முடித்தார். ககரம் மட்டும் பாதி மாற்றியது, பாதி நாங்கள் அடித்தது. செடிகொடிகளின் ஆங்கிலப் பெயர்களை எல்லாம் புரோகிராம் தமிழ் என்று நினைத்து உளறலாக ஆக்கியிருந்தது. அதை உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினார். நான் சரி செய்து தருகிறேன் என்றதற்கு, "வேண்டாம் தம்பி, நீங்க ஏற்கெனவே நிறையச் செஞ்சிட்டீக" என்றார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மகளுக்கு முதலில் அனுப்பியது 'அ' வரிசை. பென் டிரைவுக்கு இப்போது மூன்று நகல். ஒன்று மகளிடம், ஒன்று அவர் பீரோவில், மூன்றாவது என் வீட்டில். மூன்றாவதை அவராகக் கொண்டுவந்து கொடுத்தார்.

பாமினி ஃபைல் வைத்துக்கொண்டு முழிக்கிறவர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள், எக்ஸி தருகிறேன். 32 பிட்டில் கட்டியது, புது விண்டோஸிலும் ஓடும். முகம் தெரியாத ஆள் கட்டிய மூட்டை என்று ஒரு எச்சரிக்கை வரலாம். ஆனால் முதலில் உங்கள் ஃபைலை வேறு இடத்தில் நகல் எடுத்து வைத்துவிட்டு, எடுத்தாயிற்று என்று எனக்குச் சொன்ன பிறகே தருவேன்.

இந்தப் பதிவை எழுத இன்னொரு காரணமும் உண்டு. கரையான் தின்ற பக்கத்தில் இருந்த சொற்களில் ஒன்று மட்டும் அய்யாவுக்கு ஞாபகம் வரவே இல்லை. கமலை இறைக்கும்போது மாடுகள் சரிவில் இறங்கி நடந்து கூனையை மேலே இழுக்கும், பிறகு பின்னோக்கி நடந்து ஏறும். அந்தச் சரிவுப் பாதைக்குப் பல ஊரில் பல பெயர் இருக்கிறது, அவையெல்லாம் மற்ற ஃபைல்களில் பத்திரமாக இருக்கின்றன. ஒரு கிராமத்தில் மட்டும் வேறு ஒரு பெயர் சொன்னார்களாம். 'கு'வில் தொடங்கும் என்பது நிச்சயம் என்கிறார். "சொன்ன கிழவி மூஞ்சி ஞாபகம் இருக்கு, திண்ணை ஞாபகம் இருக்கு, குடிச்ச மோர்கூட ஞாபகம் இருக்கு, அந்தச் சொல்லு மட்டும் வர மாட்டேங்கு" என்று மாதம் ஒருமுறையாவது சொல்கிறார். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் தாத்தா பாட்டி இருக்கிற பிள்ளைகள், கமலை பார்த்த வயசில் யாராவது இருந்தால், அவர்களிடம் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். 'கு'வில் தொடங்கும் எது கிடைத்தாலும் ஊர் பெயரோடு கீழே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை அய்யா வீட்டுக்குப் போவேன், வாசித்துக் காட்டுகிறேன்.